பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ‘கார்’ என்றால் எந்த வண்டி? பிரித்தறியும் வழி

1870-களின் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ‘ஹிட் பை எ கார்’ என்று பார்த்துவிட்டு, ‘கார் மோதி ஒருவர் பலி’ என்று தமிழில் எழுதினால் செய்தி தலைகீழாகிவிடும். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதே 1886 ஜனவரி 29-ல்தான். அந்த ஆளை இடித்தது குதிரை இழுத்த டிராமாக இருக்கலாம், சரக்கு ரயில் பெட்டியாகவும் இருக்கலாம். குடும்ப வரலாறு தேடுகிறவர்களும் ஊர் வரலாறு எழுதுகிறவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. சொல் மூன்றே எழுத்துதான். ஆனால் ரயில் பெட்டி, டிராம், அயர்லாந்துக் குதிரை வண்டி, பலூன் கூடை, கோயில் தேர், சவ ஊர்தி, லிஃப்ட், சுரங்கத் தள்ளுவண்டி, மோட்டார் என்று அத்தனையும் அதற்குள் அடக்கம்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஆண்டை. 1886-க்கு முன்னா பின்னா என்று பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஊரை. 1882-ல் டப்ளினில் ஓடிய ‘கார்’ வேறு, சிகாகோவில் ஓடிய ‘கார்’ வேறு, கும்பகோணத்தில் ஓடிய ‘கார்’ வேறு. மூன்றுக்கும் ஆண்டு ஒன்றே. அதனால் ஊர், ஆண்டு, பக்கத்துச் சொற்கள், அச்சுப் படம் என்ற வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால் பாதி நேரம் தவறான விடையில் போய் நிற்பீர்கள்.

தொடங்குமுன் ஒரு வேலை. தேடலில் கிடைத்த துண்டை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். முழுப் பக்கத்தையும் இறக்கி, பத்திரிகையின் பெயர், அச்சான ஊர், தேதி, பக்க எண், பத்தி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தியின் தலைப்பில் வேறு ஊர்ப் பெயரும் தேதியும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் காலப் பத்திரிகைகள் ஒன்றிலிருந்து ஒன்று தாராளமாக எடுத்துப் போட்டன. மெல்போர்ன் பத்திரிகையில் வந்த செய்தி நியூயார்க் செய்தியாக இருக்கலாம். அப்போது சொல்லுக்குப் பொருள் தரும் ஊர் நியூயார்க்.

<b>ஊர் அமெரிக்கா என்றால்</b>

இங்கேதான் குழப்பம் அதிகம். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘தி கார்ஸ்’ என்று பன்மையில், முன்னால் ‘தி’ போட்டு வந்தால் அது ரயில். ‘டுக் தி கார்ஸ்’ என்றால் ரயிலேறினார். ‘சேஞ்ச் ஆஃப் கார்ஸ்’ என்றால் வழியில் ரயில் மாறுவது. ‘ரன் ஓவர் பை தி கார்ஸ்’ என்றால் ரயிலில் அடிபட்டார். பல கார்கள் வரிசையாக ஏறிப் போனதாக யாராவது மொழிபெயர்த்திருந்தால் இதுதான் காரணம்.

பிரிட்டனில் பயணிகள் பெட்டி ‘கேரேஜ்’, சரக்குப் பெட்டி ‘வேகன்’. அமெரிக்காவில் இரண்டும் ‘கார்’. அதனால் ‘ஸ்லீப்பிங் கார்’, ‘பேலஸ் கார்’, ‘பேக்கேஜ் கார்’, ‘பாக்ஸ் கார்’ எல்லாம் ரயில் பெட்டிகளே. ‘கார் ஸ்டவ்’ என்பது குளிர்காலத்தில் பெட்டிக்குள் எரிந்த கணப்பு அடுப்பு. ரயில் கவிழ்ந்தால் அந்த அடுப்பு உருண்டு மரப்பெட்டி தீப்பிடிக்கும். 1876 டிசம்பர் 29-ல் ஓஹியோவின் ஆஷ்டபுலாவில் பாலம் முறிந்து ரயில் விழுந்தபோது நடந்தது அதுதான். ‘கப்ளிங் கார்ஸ்’ என்று விபத்துச் செய்தியில் வந்தால், இரண்டு பெட்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்கும்போது தொழிலாளியின் விரலோ கையோ நசுங்கியிருக்கிறது என்று பொருள். தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893-ல் வந்தது. அதற்கு முந்தைய பத்திரிகைகளில் இந்தச் சொற்றொடர் சலிக்கும் அளவுக்கு வரும்.

சந்தை விலைப் பக்கத்தில் ‘கோதுமை வரத்து இத்தனை கார்’ என்று இருப்பது எண்ணிக்கை அலகு. ஒரு சரக்குப் பெட்டி நிறைய இருந்தால் ஒரு கார். ‘கார் லாட்ஸ்’, ‘கார்லோட்’ என்பவையும் இதே கணக்குதான். ‘கார் ஷாப்ஸ்’ என்று கண்டு ஷோரூம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் பெட்டி செய்து பழுது பார்க்கும் பட்டறை அது. குடும்பப் பெரியவர் ஒருவர் ‘கார் ஷாப்ஸில்’ வேலை பார்த்தார் என்றால் தச்சராகவோ கொல்லராகவோ இருந்திருப்பார்.

அடுத்தது நகரத்து டிராம். நியூயார்க்கில் 1832 நவம்பரிலேயே தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் பெட்டி ஓடத் தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோவில் 1873-ல் தெருவுக்கு அடியில் ஓடும் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் கேபிள் கார் வந்தது. 1888-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமைத்த மின்சார டிராம் ஓடி வெற்றி கண்டபின் ஊருக்கு ஊர் அது பரவியது. இந்த மூன்றுக்கும் பத்திரிகையில் பெயர் வெறும் ‘கார்’. எது என்று தெரிய வண்டியை விட்டுவிட்டு வேலையாளைப் பாருங்கள். ‘டிரைவர்’ என்றால் பெரும்பாலும் குதிரை டிராம். ‘கிரிப்மேன்’ என்றால் கேபிள் கார். வடத்தைக் கவ்வும் பிடியை இயக்குகிறவர் அவர். ‘மோட்டர்மேன்’ என்றால் மின்சார டிராம். இந்த மூன்றாவது பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மோட்டர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மோட்டார் கார் ஓட்டுநர் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ‘கண்டக்டர்’ இருந்தால் டிராம் அல்லது ரயில். ‘பிரேக்மேன்’, ‘போர்ட்டர்’, ‘டெப்போ’ (அங்கே ரயில் நிலையம்) இருந்தால் ரயில். ‘கார் ஃபேர்’ என்பது டிராம் கட்டணம், பல நகரங்களில் ஐந்து சென்ட். ‘கார் பார்ன்’ டிராம் நிறுத்தும் கொட்டகை. ‘ஃபெண்டர்’ என்பது அப்போது டிராமின் முன்னால் கட்டிய வலை போன்ற தடுப்பு; குறுக்கே விழுந்தவர் சக்கரத்தில் சிக்காமல் அது ஏந்திக்கொள்ளும். புரூக்ளின் பேஸ்பால் அணிக்கு ‘டாட்ஜர்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அந்த ஊர்க்காரர்கள் மின்சார டிராமுக்குத் தப்பித் தப்பி ஓடியதால்.

ரயிலா டிராமா என்பதைச் சரியாகப் பிரிப்பது வரலாற்றுக்கே முக்கியம். 1854 ஜூலை 16-ல் எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைக் கண்டக்டர் வெளியே தள்ளியது நியூயார்க் குதிரை டிராமிலிருந்து. அவருக்காக வழக்காடி வென்ற செஸ்டர் ஆர்தர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். 1892-ல் நியூ ஆர்லியன்சில் ஹோமர் பிளெஸ்ஸி கைதானது ரயில் பெட்டியில். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் ரயிலில் தனித்தனி இடம் என்று சொன்ன, அவர் மீறிய 1890-ம் ஆண்டு லூசியானா சட்டத்தின் பெயர் ‘செப்பரேட் கார் ஆக்ட்’. இதை ‘தனிக் கார் சட்டம்’ என்று எழுதினால் வாசகர் மனதில் வரும் படமே தவறாகிவிடும். ‘தனிப் பெட்டிச் சட்டம்’ என்றால் ஒரே சொல்லில் விளங்கும்.

இப்போது ஒரே செய்தியில் டிராமும் மோட்டாரும் மோதும் இடம். 1899 செப்டம்பர் 13-ல் நியூயார்க்கில் ஹென்றி பிளிஸ் என்பவர் ஒரு ‘கார்’ விட்டு இறங்கினார், வந்த வண்டி அவரை இடித்தது, மறுநாள் இறந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டியால் இறந்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவர் இறங்கிய ‘கார்’ டிராம். இடித்தது பேட்டரியில் ஓடிய வாடகை வண்டி. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் ‘ஆட்டோமொபைல்’. செய்தியில் ‘கார்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் கொன்ற வண்டியை விட்டுவிட்டு, அவரைக் கொண்டுவந்து விட்ட வண்டியின் மேல் பழி போடுவோம்.

அமெரிக்கப் பத்திரிகையில் ஏறக்குறைய 1900 முதல் 1925 வரை தனியாக நிற்கும் ‘கார்’ எதையும் நம்பாதீர்கள். அந்த இருபத்தைந்து ஆண்டும் டிராமும் மோட்டாரும் ஒரே தெருவில், ஒரே பெயரில் ஓடின. ‘டூரிங் கார்’ என்றால் மோட்டார்தான். ‘மெஷின்’ என்று மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் மோட்டார் வண்டியே. தையல் இயந்திரம் என்று எண்ணித் தாண்டிப் போய்விடாதீர்கள்.

<b>அயர்லாந்து</b>

ஐரிஷ் பத்திரிகையில் 1900-க்கு முன் ‘கார்’ என்றால் பெரும்பாலும் குதிரை வண்டி. இரண்டு சக்கரம், ஒரு குதிரை. ‘அவுட்சைட் கார்’ அல்லது ‘ஜாண்டிங் கார்’ என்பதில் பயணிகள் முதுகோடு முதுகு வைத்துத் தெருவைப் பார்த்து உட்காருவார்கள். கால்கள் சக்கரத்துக்கு வெளியே தொங்கும் பலகையில் இருக்கும். நடுவில் மூட்டை வைக்கும் குழி உண்டு. அதற்கு ‘வெல்’ என்று பெயர். ‘வெல்லில் இருந்த பை’ என்று சாட்சி சொன்னால் கிணற்றில் தேட வேண்டாம். ‘இன்சைட் கார்’ என்பதில் எதிரெதிரே உட்காருவார்கள். ஓட்டுகிறவர் ‘கார்மேன்’ அல்லது ‘ஜார்வி’. இத்தாலியிலிருந்து வந்த சார்லஸ் பியான்கோனி 1815 ஜூலையில் குளோன்மெல் ஊருக்கும் காஹிருக்கும் இடையே தொடங்கிய சேவை நாடெங்கும் வளர்ந்து, இருபது பேர் வரை ஏற்றும் ‘லாங் கார்’ வரை போனது. ‘மெயில் கார்’ தபால் வண்டி.

ஐரிஷ் செய்தியில் ‘கார்’, ‘கேப்’ இரண்டையும் கலக்கக் கூடாது. 1882 மே 6-ல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் கேவண்டிஷ் பிரபுவும் அதிகாரி பர்க்கும் கொல்லப்பட்ட வழக்கில் இரண்டு வண்டியோட்டிகள் வருகிறார்கள். கொலையாளிகள் தப்பிய ‘கார்’ மைக்கேல் கவனாவுடையது. அவர் அப்ரூவர் ஆனார். மூடிய ‘கேப்’ ஓட்டியவர் ஃபிட்ஸ்ஹாரிஸ். அவர் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்றார். இரண்டையும் ‘வண்டி’ என்று எழுதிவிட்டால் சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும்.

<b>இங்கிலாந்து</b>

ரயிலுக்கு ‘கேரேஜ்’ என்பதால் இங்கே சிக்கல் குறைவு. ஆனாலும் ‘புல்மன் கார்’ என்ற சொகுசு ரயில் பெட்டி 1874 முதல் வந்துவிட்டது; ‘டைனிங் கார்’, ‘ஸ்லீப்பிங் கார்’ என்ற பெயர்களும் உண்டு. 1860-ல் பெர்க்கன்ஹெட்டில் குதிரை டிராம் ஓடிய பின் ‘டிராம்-கார்’, சுருக்கமாக ‘கார்’. அதற்கும் முந்தைய பத்திரிகையில் வந்தால் மூன்றில் ஒன்று: பலூன், ஊர்வல ரதம், சவ ஊர்தி.

பலூன் செய்தியில் ‘கார்’ என்பது அடியில் தொங்கும் கூடை. 1862 செப்டம்பர் 5-ல் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஏறிய கிளைஷரும் காக்ஸ்வெல்லும் உயரே குளிரில் உறைந்த சம்பவத்தில், காக்ஸ்வெல் காரை விட்டு மேலே ஏறி, கை மரத்துப்போனதால் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். கூடை என்று தெரியாமல் படித்தால் இந்தக் காட்சியே பிடிபடாது. பக்கத்தில் ‘அசென்ட்’ (மேலேறுதல்), ‘பாலஸ்ட்’ (எடைக்கு வைக்கும் மணல் மூட்டை), ‘கிராப்னல்’ (நங்கூரக் கொக்கி), ‘கேஸ்’ (வாயு) இருந்தால் பலூன்.

‘ஃபியூனரல் கார்’ சவ ஊர்தி. 1852 நவம்பர் 18-ல் வெலிங்டன் பிரபுவின் உடலைச் சுமந்தது ஏறக்குறைய 18 டன் எடையுள்ள வெண்கல ஊர்தி. பன்னிரண்டு குதிரைகள் இழுத்தும் வழியில் சேற்றில் புதைந்தது. அமெரிக்காவில் இதே சொற்றொடருக்கு இரட்டைப் பொருள். 1865-ல் லிங்கனின் உடல் ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்ட் சேர்ந்தது. ஊர்களுக்கு இடையே அது போன ‘ஃபியூனரல் கார்’ ரயில் பெட்டி. ஊருக்குள் ஊர்வலத்தில் போன ‘ஃபியூனரல் கார்’ குதிரை ஊர்தி. தண்டவாளமா, தெருப் பெயரா என்று பார்த்தே பிரிக்க முடியும்.

மோட்டாருக்கு எல்லைக்கல் 1896 நவம்பர் 14. சாலையில் ஓடும் இயந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்ற செங்கொடிச் சட்டத்தின் கட்டு அவிழ்ந்து, லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் ஓடிய நாள். அதற்கு முன்பின் சில ஆண்டுகள் ‘ஹார்ஸ்லெஸ் கேரேஜ்’, ‘ஆட்டோகார்’, ‘மோட்டர்-கார்’ என்று பெயர்கள் போட்டி போட்டன. மோட்டாரின் தொடக்க காலத்தைத் தேடுகிறவர்கள் ‘கார்’ என்று போட்டால் டிராமும் தேரும்தான் கொட்டும். இந்த மூன்று பெயர்களையும் மேற்கோள் குறிக்குள் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். அமெரிக்காவுக்கு ‘ஆட்டோமொபைல்’, ‘மெஷின்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

<b>நம் ஊர்</b>

சென்னை மாகாண ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கார் ஃபெஸ்டிவல்’ தேர்த் திருவிழா. ‘கார் ஸ்ட்ரீட்’ ரத வீதி. திருநெல்வேலியில் ‘ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்’ என்று ஆங்கிலப் பலகையில் இருப்பது கீழ ரத வீதியே. பக்கத்தில் ‘ரோப்’ (வடம்), ‘டிராக்’ (இழுத்தல்), ‘பிராமின்ஸ்’, ‘பேகோடா’ (கோயில்), ‘வெட்ஜ்’ இருந்தால் தேர். ‘வெட்ஜ்’ என்பது சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டை. தேரில் சிக்கி ஒருவர் இறந்த செய்தி பூரியைப் பற்றியது என்றால் லண்டன் பத்திரிகைகள் ‘ஜகர்நாட்’ (ஜகந்நாதர்) என்ற பெயரோடு கொஞ்சம் மசாலாவும் சேர்த்திருக்கும். பக்தர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்து செத்தார்கள் என்று அங்கே படித்தால், அதே ஆண்டு உள்ளூர்ப் பத்திரிகை என்ன எழுதியது என்று பார்க்காமல் எடுத்தாளாதீர்கள். சிங்கப்பூர், பினாங்குப் பத்திரிகைகளில் தைப்பூசச் செய்தியில் ‘சில்வர் கார்’ வந்தால் அது வெள்ளி ரதம்.

சென்னையில் மின்சார டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. ஆகவே 1910-ம் ஆண்டுச் சென்னைப் பத்திரிகை ஒன்றின் ஒரே பக்கத்தில் மயிலாப்பூர்த் தேரும், மவுண்ட் ரோட்டு டிராமும், துரைமாரின் மோட்டாரும் ‘கார்’ என்ற பெயரிலேயே நிற்கலாம். இழுத்தார்களா, ஏறினார்களா, ஓட்டினார்களா என்ற வினைச்சொல்தான் துணை.

<b>மிச்சமுள்ளவை, சுருக்கமாக</b>

ஓட்டல், கடை, அலுவலகக் கட்டடத்தில் ‘கார் ஷாஃப்டில் விழுந்தது’ என்றால் லிஃப்ட். பயணிகள் லிஃப்ட் நியூயார்க் பிராட்வே கடை ஒன்றில் 1857-ல் வந்துவிட்டது. சுரங்கச் செய்தியில் என்றால் கனிமத் தள்ளுவண்டி. கவிதைப் பத்தியில் என்றால் சூரியனின் ரதம். கப்பல் வரத்துப் பட்டியலில் ‘நெப்டியூன்ஸ் கார்’ என்று இருந்தால் அது ஒரு பாய்க்கப்பலின் பெயர். 1856-ல் கேப்டன் நோயில் விழ, 19 வயது மனைவி மேரி பேட்டன் கேப் ஹார்னைச் சுற்றிச் சான்பிரான்சிஸ்கோ கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல்.

<b>அச்சுப் படத்தைப் பார்க்காமல் முடிக்காதீர்கள்</b>

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’, ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’, சிங்கப்பூரின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ ஆகியவற்றில் இலவசமாகத் தேடலாம். ‘பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ்’ முழுதாகப் பார்க்கக் கட்டணம் உண்டு. எல்லாவற்றிலும் தேடப்படுவது கணினி படித்த எழுத்து. மங்கிய அச்சில் ஆங்கில ‘இ’ (e) எழுத்தைக் கணினி ‘சி’ (c) என்று படிக்கும். அதனால் ‘இயர்’, அதாவது காது, ‘கார்’ ஆகிவிடும். காது மந்த மருந்து விளம்பரங்கள் கார் தேடலில் வரிசை கட்டி வருவது இதனால்தான். கோதுமைக் கதிரும் அதே சொல் என்பதால் விளைச்சல் செய்தியும் கூடவே வரும்.

இன்னொன்று, பத்தி குறுகலாக இருந்ததால் வரி முடிவில் சொல் உடையும். ‘கார்-பெட்’, ‘கார்-கோ’, ‘கார்-பென்டர்’ என்பவற்றின் தலையும், ‘வி-கார்’, ‘ஆஸ்-கார்’, ‘மடகாஸ்-கார்’ என்பவற்றின் வாலும் தனிச் சொல்லாகப் பதிவாகும். ஓர் ஊரில் ஓர் ஆண்டில் ‘கார்’ எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் கட்டுரை எழுத நினைப்பவர்கள், முதலில் நூறு முடிவுகளையாவது படத்தில் திறந்து பார்த்து எத்தனை போலி என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. போலிகளைக் குறைக்கத் தனிச்சொல்லை விட்டுச் சொற்றொடரைத் தேடுங்கள். ட்ரோவில் இரு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, பின்னால் அலைக்குறியும் (~) 5 என்ற எண்ணும் சேர்த்தால், ஐந்து சொல் இடைவெளிக்குள் இரண்டும் வரும் இடங்கள் மட்டும் கிடைக்கும். ‘கார்’ உடன் ‘கண்டக்டர்’, ‘கார்’ உடன் ‘பலூன்’ என்று ஜோடி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் அடுத்த பத்து நாள் பத்திரிகையைப் புரட்டுங்கள். விபத்து என்றால் மரண விசாரணை நடந்திருக்கும். பின்னால் நஷ்டஈட்டு வழக்கு வந்திருக்கும். முதல் நாள் செய்தி ‘கார்’ என்று முடித்ததை விசாரணைச் செய்தி கம்பெனி பெயரோடு சொல்லும். ‘ரெயில்ரோட்’ என்ற கம்பெனிப் பெயர் மட்டும் கண்டு ரயில் என்று முடிவு செய்யாதீர்கள். எலிசபெத் ஜென்னிங்ஸ் வழக்குப் போட்ட குதிரை டிராம் கம்பெனியின் பெயரும் ‘தேர்ட் அவென்யூ ரெயில்ரோட்’தான். பெயருக்குள் தெருப் பெயர் இருந்தால் பெரும்பாலும் டிராம்.

தமிழில் எழுதும்போது பொருள் தெரிந்தபின் ‘கார்’ என்பதை மோட்டாருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ரயில் பெட்டி, குதிரை டிராம், ஐரிஷ் குதிரை வண்டி, பலூன் கூடை, தேர், சவ ஊர்தி என்றே எழுதுங்கள். எதுவென்று உறுதி இல்லாத இடத்தில் ‘வண்டி’ என்று விட்டு, மூலத்தில் ‘கார்’ என்று இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.